பூஜ்யம் முதல் ஆறு வரை

மூளையில் ரத்தநாளம் வெடித்துப் பிழைத்த ஒருவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்பதை உலகம் முழுக்க மருத்துவர்கள் ஏழு படிகள் கொண்ட ஓர் அளவுகோலால் குறிக்கிறார்கள். ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் ராங்கின் 1957இல் பக்கவாத நோயாளிகளுக்காக வகுத்தது அது. பின்னால் திருத்தம் பெற்று நிலைத்துவிட்டது. பூஜ்யம் என்றால் ஒரு தொல்லையும் இல்லை. ஆறு என்றால் மரணம். ஐந்து, படுத்த படுக்கை. ஒன்று என்றால் தொல்லைகள் உண்டு, ஆனாலும் வழக்கமான வேலைகள் எல்லாம் நடக்கின்றன. இரண்டு என்றால் முன்பு செய்த எல்லாவற்றையும் செய்ய முடியவில்லை, ஆனால் தன் காரியங்களைப் பிறர் உதவியில்லாமல் பார்த்துக்கொள்கிறார். ஆய்வுக் கட்டுரைகளில் பூஜ்யம், ஒன்று, இரண்டு ஆகிய மூன்றையும் சேர்த்து ‘நல்ல விளைவு’ என்று ஒரே கட்டத்தில் போடுவது வழக்கம். ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில்லில் பல வருடம் ரிங் ஃப்ரேம் பார்த்த ஒருவர் இனி அந்த வேலைக்குப் போகவே முடியாது, ஆனால் தானே குளித்துச் சாப்பிட்டுக் கடைத்தெரு வரை நடந்து வருகிறார் என்றால், அவருக்கு அந்த அளவுகோலில் இடம் இரண்டு. கணக்கில் அவர் நன்றாகத் தேறியவர். அவர் வீட்டிலோ ஒரு சம்பளம் நின்றுபோயிருக்கும். உயிர் தப்பியதோடு இந்த நோய் முடிந்துவிடுவதில்லை. அது விட்டுப்போகும் உடல் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த அளவுகோலின் கண்ணுக்குப் படாதவை. கண்ணுக்குப் படாததாலேயே அவற்றுக்குச் சிகிச்சையும் சலுகையும் கிடைக்காமல் போகின்றன. இதைச் சான்றுகளோடு காட்டுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். மூளையின் அடிப்பாகத்தில் பெரிய தமனிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையமாக அமைந்திருக்கின்றன. அவை கிளை பிரியும் இடங்களில் சிலருக்குச் சுவர் மெலிந்து சிறு பை போலப் புடைக்கும். இதைத்தான் அனியூரிசம் என்கிறார்கள். வளர்ந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேரிடம் இது இருக்கலாம் என்று பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது வாழ்நாள் முழுக்க வெடிப்பதில்லை. வெடித்தால், வாழ்நாளில் கண்டிராத தலைவலி நொடியில் வந்து தாக்கும். உயர் ரத்த அழுத்தமும் புகைபிடித்தலும் இந்த வெடிப்புக்கு முக்கியக் காரணங்கள்; பெண்களுக்குச் சற்று அதிகம் வருகிறது; பாதிப் பேருக்கு 55 வயதுக்கு முன்பே வந்துவிடுகிறது. 2010 வாக்கில் உலகச் சராசரி ஆண்டுக்கு லட்சத்துக்கு 6 பேர். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு நகரங்களிலும் சேர்த்து 2011 கணக்கெடுப்பில் சுமார் 2 லட்சம் பேர் இருந்தார்கள். உலகச் சராசரியை அப்படியே பொருத்தினால் ஆண்டுக்குப் பன்னிரண்டு பேர் என்று வரும். இந்த நோயில் மூன்றில் ஒருவர் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொண்டாலும், பத்து ஆண்டுகளில் எண்பது பேர் பிழைத்திருப்பார்கள். அக்கம்பக்கத்துக் கிராமங்களை இதில் சேர்க்கவில்லை. பலரும் வேலை செய்யும் வயதில், சம்பாதிக்கும் வயதில் உள்ள இந்த எண்பது பேர் ஒரு தெருவையே நிறைப்பார்கள். ஆனால் அவர்கள் ஒரே தெருவில் இல்லாததால் ஒவ்வொருவரும் தன் ஒருத்தருக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பிழைப்பதற்கான வழிகள் கடந்த நூற்றாண்டில் பெரிதும் மாறின. 1937இல் அமெரிக்காவில் வால்டர் டாண்டி மண்டையைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் போட்டு மூடிக் காட்டினார். 1990களின் தொடக்கத்தில் குய்தோ குக்லியெல்மி, தொடைத் தமனி வழியாக மெல்லிய பிளாட்டினக் கம்பிச்சுருளை மூளை வரை கொண்டுபோய்ப் புடைப்புக்குள் நிரப்பும் முறையைக் கொண்டுவந்தார். இரண்டில் எது மேல் என்று 2143 நோயாளிகளை வைத்து ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஓராண்டு கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் கம்பிச்சுருள் முறையில் நூற்றுக்குச் சுமார் 24 பேர், கிளிப் முறையில் சுமார் 31 பேர். அந்த ஒரு முடிவு உலகெங்கும் சிகிச்சையின் போக்கையே மாற்றியது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆய்வும் ராங்கின் அளவுகோலில்தான் கோடு கிழித்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற 76 பேரும் 69 பேரும் எப்படி வாழ்கிறார்கள் என்பது அந்தக் கேள்விக்குள் வரவில்லை.

அவர்களைத் தேடிப்போய்க் கேட்டவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் நடந்து 2000இல் வெளியான ஒரு மக்கள்தொகை ஆய்வு, ரத்தக்கசிவுக்கு ஓராண்டுக்குப் பின் பிழைத்திருந்தவர்களை விசாரித்தது. ஏறக்குறைய பாதிப் பேர் முழுதாகத் தேறவில்லை என்றார்கள். நினைவாற்றலில் குறை என்றவர்களும் பாதிப் பேர். தன்னைத் தானே கவனித்துக்கொள்வதில் சிக்கல் என்றவர்கள் பத்தில் ஒருவர் மட்டுமே. அளவுகோல் பிடிப்பது இந்தப் பத்தில் ஒருவரைத்தான். நெதர்லாந்தில் 2011இல் வெளியான ஆய்வில், நோய் வரும்போது வேலையில் இருந்த 94 பேரில் பத்துக்கு ஆறு பேர் வேலைக்குத் திரும்பினார்கள். முன்போல முழுநேரமாகத் திரும்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். அசதியைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டுக் கட்டுரை, பிழைத்தவர்களில் நூற்றுக்கு 31 முதல் 90 பேர் வரை அசதியால் அவதிப்படுவதாகச் சொல்கிறது. எண்கள் இவ்வளவு விரிந்து கிடப்பதற்கு, ஒவ்வொரு ஆய்வும் அசதியை ஒவ்வொரு விதமாக அளந்தது ஒரு காரணம். குறைந்தபட்ச எண்ணையே எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் என்று வருகிறது.

இந்தத் தொல்லைகள் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன? வழக்கமான பக்கவாதத்தில் மூளையின் ஓரிடம் சேதமாகிறது. அந்த இடம் ஆட்சி செய்யும் கையோ காலோ பேச்சோ போகிறது. அனியூரிசம் வெடிக்கும்போது ரத்தம் மூளைக்குள் ஓரிடத்தில் தேங்குவதைவிட, மூளையைச் சுற்றியுள்ள நீர்வெளியில் பரவுவதே அதிகம். அந்தக் கணத்தில் மண்டைக்குள் அழுத்தம் எகிறி, மூளை முழுவதற்கும் ரத்தம் தடைப்படுகிறது. அடுத்து நான்காம் நாள் முதல் இரண்டு வாரம் வரை, கசிந்த ரத்தத்தின் சிதைவுப் பொருள்கள் தமனிகளைச் சுருங்க வைத்துப் புதிய சேதம் உண்டாக்கலாம். ரத்தத்தின் இரும்புச்சத்து மூளையின் மேற்பரப்பில் படிந்து நெடுங்காலம் தங்கிவிடலாம். மூளைநீர் வடியும் வாய்கள் அடைபட்டு நீர் தேங்கலாம். போதாக்குறைக்கு, புடைப்பு உண்டாகும் அந்தத் தமனி வளையத்தை ஒட்டியே பார்வை நரம்புகளும், கண்ணை அசைக்கும் நரம்புகளும், வாசனை நரம்புப் பாதையும், உடலின் சுரப்பிகளை நடத்தும் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் சில சென்டிமீட்டருக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. கை கால் வலுவோடு இருக்க, கண்ணும் மூக்கும் தூக்கமும் தெம்பும் சேர்ந்து குலைவது இதனால்தான். ராங்கின் தம் அளவுகோலைக் கை கால் விழுந்தவர்களைப் பார்த்து வகுத்தார். வேறு வகைச் சேதத்துக்கு அதைக் கொண்டுவந்து பொருத்துகிறோம்.

இந்தக் குலைவுகள் ஒரு வேலையில் என்ன செய்கின்றன என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலம் முதல் இந்த ஊரின் பிழைப்பு நூலோடு பின்னிக் கிடக்கிறது. நூல் நூற்கும் ரிங் ஃப்ரேமில் ஓர் இழை அறுந்தால், அந்த எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் சைடர் செய்வது என்ன? நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்றுக்கும் மேல் ஓடும் கதிரை நிறுத்தி, நூலின் முனையைத் தேடி எடுத்து, வளையத்தின் மேல் ஓடும் நகக்கண் அளவேயான டிராவலர் என்ற கம்பிக் கொக்கிக்குள் மாட்டி, மேலே உருளையிலிருந்து புகை போல இறங்கும் பஞ்சோடு சேர்த்துவிட வேண்டும். சில நொடிகளில் முடிக்க வேண்டிய வேலை. ஷிப்ட் முழுக்க, இரண்டு வரிசை எந்திரங்களுக்கு நடுவே நடந்துகொண்டே, பேசினால் காது கேட்காத இரைச்சலில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கண்ணை அசைக்கும் மூன்றாம் நரம்பு புடைப்பால் நசுங்கியவருக்கு முதலில் இமை விழுந்துவிடும். கருவிழி வெளிப்பக்கமாக ஒதுங்கி நிற்கும். நாளாக ஆக இமை மேலே ஏறும். பார்ப்பவர்களுக்கு அது குணமாவதன் அறிகுறி. அவருக்கோ அன்றுதான் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்குகிறது, ஏனென்றால் இமை மூடியிருந்தவரை ஒரே கண்தான் பார்த்தது. இரண்டு டிராவலர், இரண்டு முனை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டால் தூரம் பிடிபடாது. இதோடு இரைச்சலைத் தாங்க முடியாமையும், முழு நைட் ஷிப்ட் குலைத்துப்போடும் தூக்கமும் சேர்ந்துகொள்கின்றன. வலிப்பு ஒருமுறை வந்துவிட்டாலோ ஓடும் எந்திரத்துக்கு அருகிலேயே போகக் கூடாது. இவற்றில் ஒன்றையும் ராங்கின் அளவுகோல் கேட்பதில்லை.

பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் இதே நோய் வேறொரு கதவைச் சாத்தும். புடைப்பு முன்பக்கத் தமனிகளில் இருந்தால், முக்கியமாகக் கிளிப் போடும் அறுவைக்குப் பிறகு, வாசனை உணர்வு போய்விடுவது மருத்துவ நூல்களில் நன்றாகப் பதிவானது. மில் சைடருக்கு அது வருத்தம் தரும் இழப்பு, பிழைப்பு போகாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுபவருக்கு அது கை போனதற்குச் சமம். அகன்ற வாணலியில் விறகுத் தீ மேல் பால் வற்றி வரும்போது, அடிப்பிடிக்கத் தொடங்குவதைக் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் சொல்லும். நிறமும் பதமும் உதவும் என்றாலும், கருகலின் முதல் வாடை தெரியாதவர் ஒவ்வொரு வாணலியிலும் பிந்தித்தான் விழித்துக்கொள்வார். வீட்டில் கேஸ் கசிந்தாலும் அவருக்குத் தெரியாது. பால் திரிந்ததும் தெரியாது. சாப்பாட்டில் இனிப்பும் உப்பும் புளிப்பும் கசப்பும் காரமும் தவிர மற்ற ருசி அடையாளமெல்லாம் மங்கிப்போகும். ஒரே சேதம், இரண்டு ஊர், இரண்டு வெவ்வேறு விளைவுகள். ஊனம் என்பது உடலில் மட்டும் இருப்பதில்லை. உடலும் அது செய்தாக வேண்டிய வேலையும் உரசும் இடத்தில் இருக்கிறது. வேலையைக் கேட்காத அளவுகோலால் அதைப் பிடிக்கவே முடியாது.

இதற்கு முதல் மறுப்பு வீட்டுத் திண்ணையிலிருந்தே வரும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, இனி அசதி கிசதி என்பதெல்லாம் மனசுதான், தைரியமாக எழுந்து நடமாடினால் சரியாகிவிடும் என்பார்கள். இதைச் சொல்பவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள், மருத்துவர்களும் சொல்வதுண்டு. மனச்சோர்வும் பயமும் இந்த நோய்க்குப் பின் மிகுதியாக வருவது உண்மை. அவை அசதியைக் கூட்டும் என்பதும் உண்மை. ஆனால் மனச்சோர்வு இல்லாதவர்களிடமும் இதே அசதி இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அதன் தன்மையும் வேறு. இரண்டு மணிநேரம் கூர்ந்து கவனித்த பிறகு, அல்லது கல்யாண மண்டபம் போன்ற இரைச்சலில் சிறிது நேரம் இருந்த பிறகு, திடீரென்று வந்து கவியும். தூங்கி எழுந்தாலும் முழுதாகப் போகாது. பிட்யூட்டரி குறைவாகச் சுரப்பது சிலரிடம் இதற்கு ஒரு காரணம் என்று கண்டிருக்கிறார்கள். மனசு என்று சொல்லி மூடிவிட்டால் அந்தச் சுரப்புக் குறையை ரத்தப் பரிசோதனையில் தேடவும் யாருக்கும் தோன்றாது.

இரண்டாவது மறுப்பு மருத்துவர்களுடையது, வலுவானது. அளவுகோல் எளிமையாக இருப்பதால்தான் அதை இங்கும் லண்டனிலும் ஒரே மாதிரி பயன்படுத்த முடிகிறது. தொலைபேசியில் கேட்டே போட்டுவிடலாம். நூறு கேள்வி கேட்கும் அளவுகோலை வைத்து இரண்டாயிரம் பேரில் ஆய்வு நடத்த முடியாது. 2002 ஆய்வு போன்ற ஒன்று நடந்திருக்கவே நடந்திருக்காது. இதை முழுதும் ஏற்கிறேன். இரண்டு சிகிச்சைகளில் எது உயிரையும் நடமாட்டத்தையும் காக்கிறது என்று முடிவு செய்ய ராங்கின் போதும். சிக்கல், அதே எண்ணை ஒரு தனி மனிதரின் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி, இவர் விஷயம் முடிந்தது என்று ஃபைலை மூடும்போதுதான் வருகிறது. அறுந்திருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்து எந்த மில்லும் நூலை அனுப்புவதில்லை. கவுன்ட், பலம், சீர் என்று ஒவ்வொன்றையும் சோதனைக்கூடத்தில் பார்த்த பிறகுதான் கோன் வெளியே போகிறது. நூலுக்குச் செய்வதை மனிதருக்குச் செய்யச் சொல்வது அதிகமான கோரிக்கையாகத் தெரியவில்லை.

மூன்றாவது மறுப்பைத்தான் அதிக மரியாதையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல். புடைப்பை அடைக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டும். சாதாரணத் தலைவலி என்று மாத்திரை போட்டுப் படுத்துவிட்டவர்கள் அதற்குள் இரண்டாம் முறை வெடித்து இறக்கிறார்கள். ஆள் இப்படிச் செத்துப்போகும் ஊரில் அசதியைப் பற்றியும் வாசனையைப் பற்றியும் பேசுவது வசதி படைத்தவர்களின் பேச்சு இல்லையா? வேகமாகக் கொண்டுசேர்ப்பதும், ஸ்கேனும், ரத்த அழுத்த மாத்திரையும் முதலில் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பின்விளைவுகளைக் கேட்டறிவது செலவு பிடிக்கும் காரியம் என்ற எண்ணம் தவறு. கேட்காமல் விடுவதால் தீர்க்கக்கூடிய கோளாறுகள் தீராமல் போகின்றன என்பதற்கு ஒரு தெளிவான உதாரணம் கண். மண்டைக்குள் அழுத்தம் எகிறும்போது சிலருக்கு விழிக்குள்ளேயே ரத்தம் கசிந்துவிடும். 1900இல் இதைப் பற்றி எழுதிய பிரெஞ்சுக் கண் மருத்துவர் தெர்சோன் பெயரால் இது அறியப்படுகிறது. நினைவு தவறிக் கிடப்பவர் கண் தெரியவில்லை என்று சொல்ல மாட்டார். தெளிந்த பிறகு சொன்னாலும் மூளையில் அடி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள். கண்மணியை விரித்து உள்ளே ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும். தானாகக் கரையாவிட்டால் விழிநீர்மத்தை அகற்றும் அறுவையால் பெரும்பாலும் பார்வை திரும்பும். அதைச் செய்ய அமெரிக்கா போக வேண்டாம். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அதே மதுரையில்தான் இருக்கிறது.

மூளைநீர்த் தேக்கமும் இப்படித்தான். வீட்டுக்கு வந்து வாரங்கள், மாதங்கள் கழித்து நடை தடுமாறும், கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல இருக்கும், சிறுநீர் அடக்க முடியாது, மறதி கூடும். வயதாகிவிட்டது, அந்த நோய் அப்படியே இழுத்துவிட்டது என்று குடும்பம் நினைத்துக்கொள்ளும். ஒரு சி.டி. ஸ்கேனும், நீரை வயிற்றுக்கு வடிக்கும் குழாயும் அவரை எழுப்பி நடக்கவைக்கலாம். பிட்யூட்டரி கோளாறால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறைவென்று தெரிந்தால் விலை மலிவான மாத்திரை உண்டு. இரட்டைப் பார்வைக்குப் பட்டகக் கண்ணாடி உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் மாறாமல் நின்றுவிட்டால் கண் தசை அறுவை உண்டு. வாசனைக்கு மட்டும் நம்பத்தக்க மருந்து இன்றும் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இயன்முறை மருத்துவரும் வருகிறார். மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர் கையில் உள்ள படிவத்தில், மூளை ரத்தக்கசிவு வந்தவர்களிடம் மட்டும் கேட்க நாலைந்து கேள்வி சேர்ப்பதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம்: இரண்டாகத் தெரிகிறதா, வாசனை தெரிகிறதா, நடை மாறியிருக்கிறதா, மத்தியானத்துக்குள் ஓய்ந்துவிடுகிறீர்களா, பழைய வேலைக்குப் போகிறீர்களா?

பேர் வைத்தால் நோயாளி இன்னும் நோயாளியாகிவிடுவார், ஊனம் என்று எழுதிக் கொடுத்தால் முயற்சியை விட்டுவிடுவார் என்று அஞ்சுபவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்தவரை சான்றுகள் எதிர்ப்பக்கம் சாய்கின்றன. அந்த நெதர்லாந்து ஆய்வில் நாலில் ஒருவர் வேலைக்குத் திரும்பியது குறைந்த நேரத்தோடு அல்லது குறைந்த பொறுப்போடு, அதாவது குறையை ஒப்புக்கொண்டு வேலையை அதற்கேற்ப வளைத்ததால். பேர் இல்லாதபோது இரண்டே வழிதான்: முழு ஷிப்ட், அல்லது வீடு. இங்கே சட்டமும் ஒரு கோடு கிழித்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். நாட்பட்ட நரம்பு நோய்கள் என்ற தலைப்பின் கீழ் அது பெயர் சொல்வது மல்ட்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், பார்க்கின்சன் இரண்டை. ஒரு பக்கம் விழுந்தவருக்குச் சதவீதம் போட முடியும். விழாத கை காலோடு மத்தியானத்தில் சுருண்டுவிடுபவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று சான்றிதழ் தரும் மருத்துவருக்கே தெரியாது. அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது. திருமங்கலம்–கொல்லம் சாலையில் பஸ் ஓட்டும் அரசுப் போக்குவரத்துக் கழக டிரைவருக்கு வலிப்பு வந்து ஸ்டீயரிங் பிடிக்க முடியாமல் போனால், அது ஊனமாக ஏற்கப்படும் பட்சத்தில் அவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. அதே சாலையோர மில்லின் தொழிலாளிக்கு இல்லை. அவருக்கு இருப்பது ஈ.எஸ்.ஐ.: ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தின் 70 சதவீதம். பட்டியலில் உள்ள நீண்டகால நோய்களுக்கு இரண்டு ஆண்டு வரை 80 சதவீதம் நீட்டிக்கலாம்; பட்டியலில் பக்கவாதம் இருக்கிறது, அசதி இல்லை.

இந்தியாவில் அனியூரிசமே அபூர்வம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். சென்னையில் நரம்பறுவை மருத்துவத்தைக் கட்டியெழுப்பிய டாக்டர் பி. ராமமூர்த்தி இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு 1969இல் எழுதிய கட்டுரையிலும், இங்கே கண்டறியப்படுபவை மேல்நாடுகளைவிடக் குறைவு என்றே எண்கள் வந்தன. ஆஞ்சியோகிராமும் சி.டி. ஸ்கேனும் பரவப் பரவ, மருத்துவமனையை எட்டாமல் வீட்டிலேயே இறந்தவர்களும், வேறு பெயரில் எழுதப்பட்டவர்களும் எத்தனை பேர் என்ற கேள்வி எழுந்தது. அபூர்வம் என்ற நம்பிக்கை தளர்ந்தது. பின்விளைவுகளின் கணக்கு இன்று ஏறக்குறைய அந்த நிலையில் நிற்கிறது. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். மாவட்டத்தில் மூளை ரத்தக்கசிவில் பிழைத்து வீடு திரும்பியவர்களின் பெயரை அங்கே ஒரு பேரேட்டில் ஏற்றி, ஆறாம் மாதமும் ஓராண்டு முடிவிலும் அழைத்து, கண், மூக்கு, நடை, சுரப்பி, வேலை ஐந்தையும் விசாரித்து எழுதத் தொடங்கலாம். எழுதும் பழக்கமுள்ள முதுநிலை மாணவர் ஒருவரும், மில்லின் பணியாளர் அலுவலரோடு பேசி கோன் பேக்கிங்கிலோ ஸ்டோரிலோ பகல் ஷிப்ட் இடம் உண்டா என்று கேட்கும் சமூகப் பணியாளர் ஒருவரும் இருந்தால் முதல் வருடத்துக்குப் போதும்.